பிள்ளையின் மனம் வாடினால் என்ன செய்வது?



பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் உடனே மருத்துவமனைக்கு ஓடுகிறோம். அதே பிள்ளை பத்து நாளாக யாரிடமும் பேசாமல் இருந்தால், "வயசுக் கோளாறு, தானா சரியாப் போயிடும்" என்று விட்டுவிடுகிறோம். இது தவறு. மனநோய்களில் ஏறக்குறைய பாதி, 18 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

கடலுக்குப் போகிறவர் காற்று மாறுவதை முன்கூட்டியே கவனிப்பார். பிள்ளையிடமும் இந்த மாற்றங்களைக் கவனியுங்கள்:

1. தூக்கமும் சாப்பாடும் குறைதல், அல்லது மிகுதல்.
2. பள்ளிக்கூடம் போக மறுத்தல். தனியே முடங்கிக் கிடத்தல்.
3. காரணமில்லாத கோபம், அழுகை.
4. குடி, போதைப் பாக்கு, சிறு திருட்டு.

இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் காத்திருக்க வேண்டாம்.

இல்லத்தில் விட்டால் திருந்துவானா?

"சீர்திருத்தப் பள்ளியில கொண்டு விட்டுடுவேன்" என்று சில பெற்றோர் மிரட்டுகிறார்கள். செங்கல்பட்டில் உள்ள அரசு சிறார் இல்லத்தில் 2022 டிசம்பர் 31 அன்று 17 வயதுப் பையன் ஒருவன் இறந்தான். பணியாளர்கள் கைது செய்யப்பட்டனர். அதன்பின் 2023-ல் இல்லங்களின் நிலையை ஆராய, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒரு நபர் குழுவாக அரசு நியமித்தது. பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும் சொல்கிறது. முதல் காவல் வீடுதான்.

பிள்ளை வழக்கில் சிக்கினால்?

18 வயதுக்கு உட்பட்டவரைப் போலீஸ் லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். பெற்றோருக்குத் தகவல் தர வேண்டும். இலவச வக்கீல் உதவியும் ஜாமீனும் கேட்கலாம். வெட்கப்பட்டு வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். உடனே போய்ப் பிள்ளையைப் பாருங்கள்.

கணவனும் மனைவியும் செய்ய வேண்டியது

"நீ குடுத்த செல்லம்" என்று ஒருவரையொருவர் குறை சொல்லாதீர்கள். தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன். நாளுக்குக் கால் மணி நேரம் திட்டாமல், புத்தி சொல்லாமல், பிள்ளை பேசுவதைக் கேளுங்கள்.

"சாகணும் போல இருக்கு" என்று பிள்ளை சொன்னால் அதை வெறும் மிரட்டல் என்று எண்ணாதீர்கள். தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் பூட்டி வையுங்கள். அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

யாரிடம் போவது?

நம் நாட்டில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. ஆகவே அருகில் உள்ளவரிடம் முதலில் சொல்லுங்கள். உங்கள் கிராம சுகாதார செவிலியரையோ ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரையோ பாருங்கள். தேவைப்பட்டால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்புவார்கள். இரவோ பகலோ, 14416 என்ற எண்ணில் இலவசமாகத் தமிழில் பேசலாம். பிள்ளைக்கு யாராவது தீங்கு செய்தால் 1098-ஐ அழையுங்கள்.

மனம் வாடுவது அவமானம் அல்ல. அக்கம்பக்கத்தார் பேச்சுக்குப் பயந்து ஒரு நாளையும் வீணாக்காதீர்கள்.