செக் நாட்டில் யார் யார்?

கேள்வி: செக் நாட்டின் முக்கியக் கட்சிகள் எவை? அங்கே யாருக்கும் தனிப் பெரும்பான்மை கிடைப்பதில்லையே, ஏன்? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: இப்போது முதலிடத்தில் இருப்பது, தொழிலதிபர் ஆந்த்ரே பாபிஷின் ‘ஆனோ’ கட்சி. 2025 அக்டோபர் தேர்தலில், 200 பேர் கொண்ட கீழவையில் 80 இடங்களைப் பிடித்தது. வாட்ஸ்லாஃப் கிளவுஸ் 1991-இல் தொடங்கிய வலதுசாரி ‘ஓ.டி.எஸ்.’, இரு கட்சிகளோடு ‘ஸ்போலு’ அணியாக நின்று 52 இடம் பெற்றது. மேயர்கள் சேர்ந்து வளர்த்த ‘ஸ்டான்’, பைரேட் கட்சி, குடியேற்றத்தை எதிர்க்கும் ‘எஸ்.பி.டி.’, புதிதாக வந்த ‘மோட்டாரிஸ்டுகள்’ ஆகியவை மற்றவை. எஸ்.பி.டி.யும் மோட்டாரிஸ்டுகளும் கைகொடுக்க, பாபிஷ் மீண்டும் பிரதமரானார்.

வாக்கு விகிதப்படி இடம் கிடைப்பதால்தான் தனிப் பெரும்பான்மை அரிதாகிறது. 5 சதவீத வாக்காவது வாங்காத கட்சிக்கு ஓர் இடமும் இல்லை. 1948 முதல் 1989 வரை நாட்டையே ஆண்ட கம்யூனிஸ்டுகளும், 1878-இல் பிறந்த சமூக ஜனநாயகக் கட்சியும் 2021-இல் இந்தத் தடையில்தான் வீழ்ந்தன.

இந்த முறையில் கட்சியோ அணியோ தரும் வேட்பாளர் பட்டியலுக்கே வாக்கு; ஆனாலும் வாக்களிப்பவர், அதிலுள்ள நான்கு வேட்பாளர்கள் வரை வட்டமிட்டு முன்னுக்குக் கொண்டுவரலாம். 2021-இல் ஸ்டானும் பைரேட்டும் கூட்டாக 37 இடம் வென்றன. வாக்காளர்கள் ஸ்டான் பெயர்களையே பெருமளவு வட்டமிட்டதால், பைரேட்டுக்கு நான்கே மிஞ்சின. கட்சி போட்ட வரிசையை மக்களே மாற்ற முடிகிற இந்த உரிமை, ஜனநாயகத்தில் பெரிய வரம் என்பேன்.