பூசணிப் பிஞ்சு ஏன் உதிருது?
லயத்து வாசலில் வண்டுக்கும் ஒரு தோட்டம் – வீட்டுத்தோட்டப் பாடம்



லயத்துப் பக்கம் போகிறபோதெல்லாம் அம்மாமார் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "சேர், பூசணிக் கொடி நல்லா படருது, பூவும் மஞ்சள் மஞ்சளா பூக்குது, பிஞ்சு மட்டும் பாக்கு அளவுக்கு வந்ததும் பழுத்து விழுந்துடுது. என்ன மருந்து அடிக்கிறது?" பெரும்பாலும் இதற்கு மருந்தே வேண்டியதில்லை. பூவுக்கு வரவேண்டிய விருந்தாளி வரவில்லை, அவ்வளவுதான்.

பூசணிக் கொடியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. நீளக் காம்போடு நிற்பது ஆண் பூ. அடியில் குட்டிப் பூசணி மாதிரி ஒரு உருண்டையோடு இருப்பது பெண் பூ. ஆண் பூவின் மஞ்சள் தூள், அதாவது மகரந்தம், பெண் பூவுக்குள் போய்ச் சேர்ந்தால்தான் அந்த உருண்டை காயாகும். பூசணி மகரந்தம் கனமானது, ஒட்டும் தன்மை உள்ளது. காற்றில் பறக்காது. ஈயோ வண்டோதான் உடம்பில் பூசிக்கொண்டு தூக்கிப் போக வேண்டும். அதிலும் பூ திறந்திருப்பது விடியற்காலையில் இருந்து பகலுக்குள் சில மணி நேரம் மட்டும். அந்த நேரத்துக்குள் ஒருவரும் வராவிட்டால் பிஞ்சு உதிர்ந்து போகும். பாகல், சௌசௌ இரண்டுக்கும் இதே கதைதான்.

இது சின்ன விஷயமில்லை. 2016-ம் ஆண்டு நாடு முழுவதும் எடுத்த குடிசன சுகாதாரக் கணக்கெடுப்பில், 5 வயதுக்குக் குறைந்த தோட்டப்புறப் பிள்ளைகளில் 100 பேருக்கு ஏறக்குறைய 32 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தார்கள். நாட்டின் மொத்தக் கணக்கு 17தான். 2022-ல் சாமான் தட்டுப்பாடு வந்து மரக்கறி விலை ஏறியபோது, வாசலில் நாலு கொடி வைத்திருந்த வீட்டில் கறிச்சட்டி காயவில்லை. அதைப் பார்த்துத்தான் பலரும் மண்வெட்டியை எடுத்தார்கள். மண்ணுக்குப் பசளை போட எல்லாருக்கும் தெரியும். பூவுக்கு ஆள் பிடிக்கிற வேலையைத்தான் நாம் மறந்து விடுகிறோம்.

யார் இந்த வண்டுகள்?

இங்கிலாந்து, ஸ்கொட்லாந்துப் பக்கம் 'பம்பிள் பீ' என்று ஒரு வண்டு இருக்கிறது. உருண்டையாக, உடம்பெல்லாம் பஞ்சு போல மயிரோடு, குளிரிலும் பறக்கக்கூடியது. அங்கே ஆட்கள் அதற்கென்றே வீட்டுத்தோட்டத்தில் பூச்செடி நடுகிறார்கள். நியூசிலாந்தில் மாட்டுத் தீவனத்துக்குப் போட்ட செங்குளோவர்ப் பயிரில் விதை சரியாகப் பிடிக்கவில்லை என்று 1885-ல் இங்கிலாந்தில் இருந்து கப்பலில் இந்த வண்டைக் கொண்டுபோய் விட்டார்கள். 1980களின் பிற்பகுதியில் இருந்து ஐரோப்பாவில் கண்ணாடி வீட்டுத் தக்காளிக்காக இதைப் பெட்டியில் வளர்த்து விற்கிறார்கள். இந்த ஹேவாஹெட்டப் பக்கத்து லூல்கந்துர தோட்டத்தில் 1867-ல் 19 ஏக்கரில் தேயிலை நட்டாரே ஜேம்ஸ் டெய்லர், அவர் பிறந்த ஸ்கொட்லாந்து ஊர்களில் பிள்ளைகளுக்குக்கூட பழக்கமான பூச்சி அது.

ஆனால் நம் இலங்கையில் பம்பிள் பீ கிடையாது. அதைத் தேடவும் வேண்டாம், கொண்டு வரவும் வேண்டாம். அது செய்கிற வேலையைச் செய்ய இங்கேயே ஆள் இருக்கிறது. இலங்கையில் ஏறக்குறைய 150 வகைத் தேனீக்கள் இருப்பதாக ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். தேன் எடுக்கிற தேனீ அதில் சில வகை மட்டும்தான். மற்றவை பெரும்பாலும் கூட்டம் சேராமல், ராணி, வேலைக்காரர் என்ற கணக்கில்லாமல், ஒவ்வொரு பெண் பூச்சியும் தனித்தனியாகப் பொந்து கட்டி வாழ்பவை.

பம்பிள் பீக்கு ஒன்றுவிட்ட சொந்தம் என்று சொல்லத்தக்கது நம்ம கருவண்டு. கட்டை விரல் முனை அளவு, கறுப்பு, இறக்கையில் நீலம் மினுங்கும், லொறி வருகிற மாதிரி சத்தம். காய்ந்த மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும். ஆண் வண்டு ஆள் முகத்துக்கு நேரே வந்து நின்று மிரட்டும், ஆனால் அதற்குக் கொடுக்கே கிடையாது. பெண் வண்டுக்குக் கொடுக்கு உண்டு, கையில் பிடித்து நசுக்கினால் ஒழிய அது கொட்டாது. அடுத்தது நீலவரித் தேனீ. வயிற்றில் நீலமும் கறுப்புமாகப் பட்டை போட்டிருக்கும், ஓரிடத்தில் நில்லாது. மண் வெட்டுக்கரையில் துளை போட்டு முட்டை வைக்கும். சாயங்காலம் காய்ந்த குச்சியை வாயால் கவ்விக்கொண்டு வரிசையாகத் தொங்கித் தூங்கும். அப்படித் தூங்குவது ஆண் ஈக்கள். பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், நல்ல வேடிக்கை. மூன்றாவது, ரோஜா இலையில் வட்டம் வட்டமாகக் கத்தரித்துக்கொண்டு போகிறதே, அந்த இலைவெட்டித் தேனீ. 'ரோஜாவுக்கு நோய்' என்று மருந்து தேடுவார்கள். அது நோயில்லை, தன் பிள்ளைக்குத் தொட்டில் செய்ய இலை கொண்டு போகிறது.

இதில் கருவண்டுக்கும் நீலவரித் தேனீக்கும் ஒரு தனிக் கெட்டித்தனம் உண்டு. தக்காளி, கத்தரி, மிளகாய்ப் பூவை உற்றுப் பாருங்கள். தக்காளி, கத்தரிப் பூவில் மகரந்தம் வெளியே கிடக்காது. உப்புக் குலுக்கும் போத்தல் மாதிரி நுனியில் சிறு துவாரம் உள்ள குழலுக்குள் அடைபட்டிருக்கும். இந்த வண்டுகள் பூவைக் கட்டிப் பிடித்து, இறக்கையை விரிக்காமலே, பறக்கிற தசையை மட்டும் அதிர வைக்கும். 'ர்ர்ர்' என்று சத்தம் மாறும். உடனே தூள் பொலபொலவென்று கொட்டும். தேன் எடுக்கிற தேனீக்கு இந்தக் குலுக்கல் தெரியாது. தக்காளி காற்றில் ஆடினாலும் ஓரளவு காய்க்கும், ஆனால் குலுக்கிய பூவில் காய் பெரிசு, விதையும் நிறைய. மஞ்சள் பேஷன் பழக் கொடிக்குத் தன் மகரந்தமே ஆகாது. இன்னொரு கொடியில் இருந்து வர வேண்டும். அந்தப் பெரிய பூவில் முதுகு உரசிப் போகிற அளவுக்கு உடம்புள்ளது கருவண்டுதான்.

'பூ வைத்தால் குளவி வருமே!'

இந்தப் பயம் நியாயமானது. மலையில் கொழுந்து எடுக்கும்போது கூடு கலைந்து கொட்டி, எத்தனையோ பேர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள், உயிரும் போயிருக்கிறது. ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நாம் பொதுவாகக் 'குளவி' என்று சொல்வதில் இரண்டு கூட்டம் இருக்கிறது. ஒன்று உண்மையான குளவி, காகிதம் போன்ற கூடு கட்டும். மற்றது சிங்களத்தில் 'பம்பரா' என்கிற பெருந்தேனீ. உயரமான டர்பன்டைன் மரத்திலும் பாறையிலும் பெரிய தட்டாகத் தொங்கும். இவை கொட்டுவது தங்கள் கூட்டைக் காப்பாற்றத்தான். பூவில் தேன் குடிக்க வந்திருக்கிற ஈ தன்பாட்டில் போகும். கூடு கட்ட அது தேடுவது உயர்ந்த மரத்தை, பாறையை. வாசல் துளசியைப் பார்த்து அது குடி வருவதில்லை. கருவண்டுக்கும் நீலவரிக்கும் இலைவெட்டிக்கும் காக்க வேண்டிய பெரிய கூட்டமே இல்லை. அதனால் அவை ஆளைத் துரத்துவதும் இல்லை.

இருந்தாலும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்: தொங்குகிற கூட்டுக்குக் கல் எறியக்கூடாது, அடியில் நெருப்புப் போடக்கூடாது. கூடு கலைந்துவிட்டால் கையை வீசாமல், சேலைத் தலைப்பாலோ சாக்காலோ முகத்தை மூடிக்கொண்டு ஓடி ஒரு கதவுக்குள் போய் அடைத்துக்கொள்ள வேண்டும். தேனீ கொட்டினால் கொடுக்கு தோலில் தங்கிவிடும். அதை உடனே நகத்தால் சுரண்டி எடுத்துவிட வேண்டும், தாமதிக்கத் தாமதிக்க விஷம் இறங்கும். அதில் இருந்து வருகிற வாடை மற்ற ஈக்களையும் கூப்பிடும். நிறையக் கொட்டியிருந்தால், அல்லது ஒரே கொட்டில் முகம் வீங்கி, மூச்சு இழுத்து, மயக்கம் வந்தால், சுண்ணாம்பு பூசிக்கொண்டு நேரம் போக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு வாகனம் பிடியுங்கள்.

எப்படி நடுவது?

இடம் பெரிதாக வேண்டாம். புதிய வீடு கிடைத்தவர்களில் பலருக்கு 7 பேர்ச்சஸ், அதாவது ஏறக்குறைய 1,900 சதுர அடி. வீடு போக மிச்சம் நிறையவே இருக்கிறது. லயத்தில் இருப்பவர்களுக்கு கானுக்கும் இஸ்தோப்புக்கும் நடுவில் உள்ள பட்டையே போதும். காலை வெயில் படுகிற பக்கமாகப் பாருங்கள். வெயில் படாத செடியில் பூவும் குறைவு, ஈயும் வராது. கானை மட்டும் மறிக்காதீர்கள். மழையில் தண்ணீர் லயத்துக்குள் வந்தால் என்னைத்தான் திட்டுவீர்கள்.

முக்கியமான கணக்கு ஒன்று: வருசம் முழுக்க ஏதாவது ஒன்று பூத்திருக்க வேண்டும். பூசணி பூக்கிற ஒரு மாதம் மட்டும் ஈ வேண்டும் என்றால், மற்ற மாதத்துக்கு அது எங்கே போய்ச் சாப்பிடும்? வேலிக்குக் கிளிசரியா போடுங்கள். மழை குறைந்த தை, மாசியில் இலை கொட்டி ரோஸ் நிறப் பூவாக நிற்கும்போது கருவண்டு மொய்க்கும். வெட்டின தழை பசளையாகும். வேலியை ஒட்டித் துவரை நாலு செடி. கறிக்கும் ஆச்சு, இலைவெட்டிக்கும் கருவண்டுக்கும் பிடித்த பூவும் ஆச்சு. வாசல் ஓரம் துளசி, எப்போதும் பூவோடு இருப்பது அதுதான். கொஸ்மோஸ், சூரியகாந்தி விதையை மழைக்கு முன் தூவினால் தானாக வரும். ஒவ்வொன்றிலும் ஒற்றைச் செடியாக அங்கொன்று இங்கொன்று வைக்காமல், நாலைந்தாகச் சேர்த்து நடுங்கள். தூரத்தில் இருந்தே ஈயின் கண்ணில் படும், ஒரு பூவில் இருந்து அடுத்ததற்குப் போகவும் லேசு. கொத்தமல்லி, முள்ளங்கியில் ஒன்றிரண்டைப் பிடுங்காமல் பூக்க விடுங்கள்.

அழகுக்கு வைக்கிற அடுக்கு ரோஜா, அடுக்கு டேலியா கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆனால் இதழ் கூடக் கூட ஈக்குக் கிடைக்கிறது குறையும். ஒற்றை இதழ்ப் பூவே நல்லது. லயத்துக் கோடியில் தானாக முளைக்கிற போவிட்டியாச் செடியை, தின்றால் நாக்குக் கறுத்துப் போகுமே அதைத்தான், ஓர் ஓரத்தில் விட்டு வையுங்கள். அதன் ஊதாப் பூவும் குலுக்கினால்தான் தூள் கொடுக்கிற பூ. உன்னிச்செடி நடாதீர்கள். வண்ணத்துப்பூச்சி வரும், உண்மைதான். அடுத்த வருசம் மலையெல்லாம் அதுதான் நிற்கும்.

சாப்பாடு மட்டும் போதாது, குடியிருக்க இடமும் வேண்டும். எல்லா இடத்தையும் கூட்டிப் பெருக்கி சீமெந்து போட்டுவிட்டால் நீலவரித் தேனீக்கு மண் ஏது? வெட்டுக்கரையில் இரண்டு முழ அகலம் புல் வளராமல், மழைத் தண்ணீர் ஓடாத இடமாக, சும்மா விடுங்கள். பென்சில் தடிப்பு ஓட்டையுள்ள மூங்கில் துண்டுகளை, ஒரு பக்கம் கணு மூடியிருக்கும்படி ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, பத்துப் பதினைந்தைக் கட்டாகக் கட்டி, நனையாமல் கூரைத் தகரத்தின் கீழ் ஆடாமல் மாட்டினால் இலைவெட்டி குடிவரும். கருவண்டுக்கு ஒரு காய்ந்த கட்டையை வேலியில் நட்டு வைக்கலாம். 'வீட்டு மரத்தைத் துளைத்துவிடுமே' என்றால், அந்த மரத்துக்குச் சாயம் பூசிவிடுங்கள். பெரும்பாலும் சாயம் பூசாத மரத்தைத்தான் அது தேடும். தண்ணீருக்கு ஒரு தட்டில் கூழாங்கல் போட்டு வைக்கலாம், ஆனால் இரண்டு நாளைக்கொரு தடவை கொட்டி, தேய்த்துக் கழுவி மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஈக்கு முன் டெங்கு நுளம்பு குடிவந்துவிடும். அதைச் செய்ய முடியாதவர்கள் தட்டே வைக்க வேண்டாம், பீலிப் பக்கத்து ஈரம் போதும்.

மருந்து அடிக்கிற கதை

பூச்சி மருந்துக்கு நல்ல பூச்சி, கெட்ட பூச்சி தெரியாது. இதைத் தேயிலையே நமக்குக் காட்டியிருக்கிறது. இலையைச் சுருட்டித் தின்கிற புழு தேயிலையைப் பாழாக்கியதால், 1935, 1936-ல் ஜாவாவில் இருந்து ஒரு சின்னக் குளவியைக் கொண்டு வந்தார்கள். அது புழுவின் உடம்புக்குள் முட்டை இட்டுப் புழுவையே முடித்துவிடும். மருந்தில்லாமல் அந்தத் தொல்லை அடங்கியது. பிறகு கிளையைத் துளைக்கிற வண்டுக்காக டீல்ட்ரின் மருந்து அடித்தார்கள். அந்தக் குளவியும் செத்தது, அடங்கிக் கிடந்த புழு திரும்பக் கிளம்பியது.

வாசல் தோட்டத்தில் அதே வேலையைச் சின்ன அளவில் நாம் செய்ய வேண்டாம். இலையில் பேன் பிடித்தால் முதலில் கையால் நசுக்குங்கள், சவர்க்காரத் தண்ணீர் தெளியுங்கள். அடித்தே ஆக வேண்டும் என்றால் பொழுது சாய்ந்து ஈக்கள் அடங்கிய பிறகு, பூவில் படாமல், போத்தலில் போட்டிருக்கிற அளவுக்கு மேலே போகாமல் அடியுங்கள். காலை பத்து மணிக்குப் பூசணிப் பூவின் மேல் அடிப்பது, காய்க்க வேண்டாம் என்று நீங்களே சொல்வதற்குச் சமம். மருந்து டாங்கியைப் பீலியில் கழுவவே கூடாது. பக்கத்து வீட்டிலும் சொல்லி வையுங்கள், ஈக்கு வேலி தெரியாது.

வண்டு வந்து சேர ஒரு பருவம் போகலாம். அதுவரை பூசணிக்கு நீங்களே வண்டு. காலை ஏழு மணிக்குள், பெரட்டுக்குப் போகும் முன், அன்றைக்குத் திறந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, நடுவில் இருக்கிற மஞ்சள் தண்டைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். ஓர் ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூவுக்குப் போதும். தக்காளிக்குப் பூங்கொத்தின் காம்பை ஈர்க்கால் இரண்டு தட்டுத் தட்டினால் சரி. நேரம் இல்லை என்றால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் ஒப்படையுங்கள். தடவின பூவின் காம்பில் ஒரு நூலைக் கட்டி வைத்தால், ஒரு கிழமை கழித்து எது நின்றது, எது உதிர்ந்தது என்று அதுவே வந்து சொல்லும்.