தேயிலைக்குப் பிடித்த மண் போஞ்சிக்குப் பிடிக்குமா?

லயத்துக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம். அதில் நாலு வரி போஞ்சி, இரண்டு வரி கரட் போடுகிறோம். விதை முளைக்கிறது. சாண் உயரம் வந்ததும் அப்படியே நின்றுவிடுகிறது, இலையும் வெளுக்கிறது. "உரம் பத்தலை" என்று இன்னும் ஒரு கிலோ வாங்கிக் கொட்டுகிறோம். பக்கத்து மலையில் தேயிலை மட்டும் பச்சைப் பசேல் என்று நிற்கிறது. அதே மண், அதே மழை. பின்னே ஏன் இப்படி?

மண்ணின் புளிப்புத்தான் காரணம். படித்தவர்கள் இதை அமிலத்தன்மை என்பார்கள். இதை அளக்கும் கணக்குக்கு 'பி.எச்.' என்று பெயர். 7 என்றால் புளிப்பும் இல்லை, காரமும் இல்லை. 7க்குக் கீழே இறங்க இறங்கப் புளிப்பு ஏறும். ஒரு எண் இறங்கினால் புளிப்புப் பத்து மடங்கு கூடும் என்பதை மறந்துவிடக் கூடாது. தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரை நல்லது. போஞ்சி, கரட், கோவா எல்லாம் 6க்கு மேலே இருந்தால்தான் செழிக்கும். தேயிலைக்கு விருந்தாக இருப்பது போஞ்சிக்குப் பட்டினி.

நம் மலை மண் புளித்தது மழையால்தான். காலங்காலமாகப் பெய்த மழை மண்ணிலிருந்த சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியது இரும்பும் அலுமினியமும். மண் சிவப்பாக இருப்பது அந்த இரும்பால்தான். புளித்த மண்ணில் அலுமினியம் கரைந்து வந்து போஞ்சி வேரைக் கருக்கிவிடும். தேயிலையோ அதே அலுமினியத்தை உறிஞ்சி முதிர்ந்த இலைகளில் சேர்த்து வைத்துக்கொண்டு சும்மா இருக்கும்! நாம் போடும் உரத்தில் உள்ள பொஸ்பரசையும் இந்த இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்ளும், செடிக்கு விடாது. இன்னொன்று: யூரியா, அமோனியா சல்பேட் போடப் போட மண் இன்னும் புளிக்கும். 2021இல் உரத் தடை வந்து, பிறகு விலையும் ஏறியதை நாம் எல்லோரும் பட்டோம். ஒரு பிடி உரம் வீணானாலும் வயிறு எரிகிறது.

மண்ணைப் பார்த்துப் பயிர் வைத்ததற்குக் கொழும்பிலேயே ஒரு பழைய சாட்சி உண்டு. நம் பிள்ளைகள் வேலை தேடிப் போகும் மாளிகாவத்தையை ஒட்டி மருதானை இருக்கிறது. ஒல்லாந்தர் காலத்தில், ஆளுநர் ஃபால்க் இருந்தபோது, 1769 வாக்கில் அங்கேதான் கறுவாவைத் தோட்டமாக நட்டுப் பார்த்தார்கள். அதுவரை காட்டில் தானாக வளர்ந்த மரத்தைத்தான் உரித்து வந்தார்கள். அந்தப் பக்கத்து வெள்ளை மணலில் சத்து மிகக் குறைவு. ஆனால் தண்ணீர் தேங்காது. கறுவாவுக்கு அது போதும், அப்படிப்பட்ட மணலில் வளர்ந்த பட்டைதான் வாசனைக்கும் இனிப்புக்கும் பேர் போனது. கொழும்பு 7ஐ இன்றும் கறுவாத்தோட்டம் என்றுதான் சொல்கிறோம். அந்த மணலிலே கோவா போட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும்?

இன்று நகரத்தில் கட்டடங்களைச் சுற்றி இருப்பது பெரும்பாலும் கொட்டி நிரப்பிய மண். உடைந்த செங்கல், சீமெந்துக் கட்டி எல்லாம் அதில் கலந்து கிடக்கும். சீமெந்தில் சுண்ணாம்பு இருப்பதால் அந்த மண் புளிப்புக்கு நேர் எதிராகக் காரமாகிவிடும். ஊரிலிருந்து ஆசையாகக் கொண்டுபோன தேயிலைக் கன்றை அதில் நட்டால் மஞ்சளித்துப் போகும். இங்கே போஞ்சிக்கு நடப்பது அங்கே தேயிலைக்கு நடக்கிறது, அவ்வளவுதான்.

சரி, நம் துண்டு நிலத்துக்கு வருவோம். ஐதரேஞ்சாப் பூ நீலமாகப் பூத்தால் அந்த மண் புளிப்பு என்று அர்த்தம். புளிப்புக் குறைந்த இடத்தில் அதே செடி ரோஸ் நிறத்தில் பூக்கும். கோவாவைப் பிடுங்கும்போது வேர் கரணை கரணையாக வீங்கியிருந்தால் அதுவும் ஒரு அடையாளம், அந்த நோய் புளித்த மண்ணில்தான் பெருகும். ஆனால் காசு செலவழிக்கும் முன் மண்ணைச் சோதிப்பதே புத்தி. நிலத்தில் ஏழெட்டு இடத்தில் ஆறு அங்குல ஆழம் தோண்டி, ஒவ்வொரு பிடி எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோவைப் பையில் கட்டுங்கள். உரம் போட்ட சூட்டோடு எடுக்க வேண்டாம். கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கேட்டால் எங்கே அனுப்புவது என்று சொல்லுவார்.

புளிப்பைக் குறைக்க டொலமைட் போடலாம். கவ்வாத்து முடிந்த மலையில் இதைத் தூவுவதைப் பார்த்திருப்பீர்கள். தேயிலைக்கும் மண் 4.5க்குக் கீழே போனால் ஆகாது, அதனால்தான் அங்கே போடுகிறார்கள். மரக்கறிப் பாத்தியிலே விதைக்கு இரண்டு மூன்று கிழமைக்கு முன்பே தூவிக் கொத்திக் கலக்க வேண்டும். சோதனை சொன்ன அளவைத் தாண்ட வேண்டாம். அடுப்புச் சாம்பலும் இதே வேலையைச் செய்யும், பொட்டாசும் தரும். ஆனால் சாம்பலையோ டொலமைட்டையோ யூரியாவோடும் பச்சை எருவோடும் ஒரே நாளில் கலக்காதீர்கள். சத்து ஆவியாகிக் காற்றில் போய்விடும். உருளைக்கிழங்குப் பாத்திக்குச் சாம்பல் வேண்டாம், தோலில் சொறி விழும்.

டொலமைட் வாங்க இப்போது கையில் காசு இல்லையா? வற்றாளையும் மரவள்ளியும் புளித்த மண்ணை ஓரளவு தாங்கும். மேட்டு நிலத்தில் குளிருக்கு மரவள்ளி சரிவராது, அங்கே உருளைக்கிழங்கைப் போடலாம். போஞ்சியை அடுத்த போகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.