சூதாட்டம்: விலகி நிற்கச் சொன்னதன் காரணம்

மதுவையும் சூதையும் அல்லாஹு தஆலா தன் திருமறையில் சேர்த்தே குறிப்பிடுகிறான். அவ்விரண்டிலும் மக்களுக்குச் சில பலன்கள் உண்டென்பதை சூரத்துல் பகராவின் 219ஆவது வசனம் மறுக்கவில்லை. ஆயினும் பலனைக் காட்டிலும் பாவமே பெரிது என்று தீர்ப்பளிக்கிறது. சூரத்துல் மாயிதாவின் 90, 91 ஆகிய வசனங்களோ இவற்றை ஷைத்தானின் செயல்கள் என்கின்றன. மனிதரிடையே பகையையும் வெறுப்பையும் மூட்டி, இறை நினைவையும் தொழுகையையும் மறக்கடிப்பவை என்று காரணமும் கூறுகின்றன.

இந்த வசனத்தில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய சொல் ஒன்றுண்டு. 'ஆடாதீர்கள்' என்று மட்டும் கட்டளையிடாமல், 'விலகிக்கொள்ளுங்கள்' என்று பொருள்படும் 'இஜ்தினாப்' என்ற சொல்லின் வினை அங்கே வந்துள்ளது. 'ஜன்ப்' என்றால் பக்கம். அந்த வழியே வேண்டாமென்று பக்கமாக ஒதுங்கிப் போய்விடுவது என்பது கருத்து. அளவோடு ஆடினால் என்ன? பத்து ரூபாயோடு நிறுத்திக்கொண்டால் என்ன? இப்படிக் கேட்பவர்கள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கான விடையை, சூதாடும் மனத்தை ஆராய்ந்த மனோதத்துவப் பேராசிரியர்களின் சோதனைகளிலிருந்தும் நாம் தெரிந்துகொள்ளலாம்.

பழைய மைஸிரும் பரிசுச் சீட்டும்

'மைஸிர்' என்ற சொல் 'யுஸ்ர்', அதாவது எளிது என்பதிலிருந்து பிறந்தது என்பர் அறிஞர் பலர். பாடுபடாமல் எளிதில் வரும் பொருள் என்பது அதன் குறிப்பு. அறியாமைக் கால அரபியர் ஓர் ஒட்டகத்தை அறுத்துப் பங்கிட்டு, பத்து அம்புகளைக் குலுக்கி எடுப்பார்கள். ஏழு அம்புகளுக்குப் பங்கு உண்டு. மூன்று வெறும் அம்புகள். வென்றவர்கள் இறைச்சியை ஏழைகளுக்கு வழங்கிப் பெருமை பேசுவார்கள். 'சில பலன்கள்' என்பதற்கு விரிவுரையாளர்கள் காட்டும் உதாரணங்களில் இதுவும் ஒன்று.

நம் மாநிலத்திலும் இதே நியாயம் பேசப்பட்டது. 1968ல் தமிழக அரசு பரிசுச் சீட்டு தொடங்கப்பட்டபோது, 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்று விளம்பரம் செய்தார்கள். சென்னை – திருச்சி நெடுஞ்சாலையில் சேலம் சாலை பிரியும் உளுந்தூர்பேட்டை போன்ற ஊர்களின் பஸ் நிலையங்களில் லாட்டரிச் சீட்டுக் குரல் கேட்காத நாளில்லை. நாட்டுக்கு வந்தது வருமானம்; வீட்டுக்கு வந்தது அடகுச் சீட்டு. 2003ல் மாநில அரசே லாட்டரி விற்பனையைத் தடை செய்ய நேர்ந்தது.

பேராசிரியர்கள் கண்ட மூன்று உண்மைகள்

முதலாவது: எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசே மனத்தை இறுகக் கட்டுகிறது. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியராயிருந்த பி.எஃப். ஸ்கின்னர், கூண்டிலிட்ட புறாக்களைக் கொண்டு இதை விளக்கினார். இத்தனை முறை கொத்தினால் தானியம் என்று ஒரே கணக்காகக் கொடுத்துப் பழக்கிய புறா, தானியம் நின்றதும் சீக்கிரமே கொத்துவதை விட்டுவிடும். ஒரு சமயம் மூன்றாம் கொத்துக்கும், மறு சமயம் ஐம்பதாம் கொத்துக்கும் என்று கணக்கின்றிக் கொடுத்துப் பழக்கிய புறாவோ, தானியம் நின்ற பிறகும் நெடுநேரம் கொத்திக்கொண்டே இருக்கும். சூதாட்ட இயந்திரங்கள் இந்த முறைப்படியே பரிசு கொடுக்கின்றன என்பதை 1953ல் வெளியான தம் நூலில் அவர் எடுத்துக்காட்டினார். எப்போதாவது ஒருமுறை வெல்வதுதான் தூண்டிலின் இரை!

இரண்டாவது: தன் கையால் தொட்டதைத் தன் திறமை என்று மனிதன் எண்ணிவிடுகிறான். பின்னாளில் ஹார்வர்டில் பேராசிரியரான எல்லென் லாங்கர் என்ற பெண்மணி 1975ல் வெளியிட்ட ஆய்வு இது. அலுவலக ஊழியர்களுக்கு ஒரு டாலர் விலையில் பரிசுச் சீட்டுகள் விற்கப்பட்டன. சிலர் தாங்களே பார்த்துப் பொறுக்கினார்கள். சிலருக்கு விற்றவரே எடுத்துக் கொடுத்தார். பிறகு, 'அந்தச் சீட்டை என்ன விலைக்குத் திருப்பித் தருவீர்கள்?' என்று கேட்கப்பட்டது. எடுத்துக் கொடுக்கப்பட்டவர்கள் கேட்ட விலை சராசரியாக 1 டாலர் 96 சென்ட். தாமே பொறுக்கியவர்கள் கேட்டதோ 8 டாலர் 67 சென்ட்! குலுக்கலில் இரண்டு சீட்டுக்கும் ஒரே வாய்ப்புத்தான். 'என் ராசி நம்பர்' என்று பொறுக்கியவுடன் அதன் மதிப்பு மனத்தில் நாலு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது.

மூன்றாவது: மயிரிழையில் தப்பியது தோல்வியாகத் தோன்றுவதில்லை. பிரிட்டனின் கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க் என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஆடுபவர்களின் மூளை இயக்கத்தைப் படமெடுத்து ஆராய்ந்து 2009ல் முடிவை வெளியிட்டனர். ஒரு படம் தள்ளி நின்று பரிசு தவறியபோது, பரிசு விழுந்தால் தூண்டப்படும் மூளைப் பகுதிகளே தூண்டப்பட்டன. மீண்டும் ஆடும் ஆசையும் கூடியது. 'ஒரு நம்பரில் போய்விட்டதே' என்ற பெருமூச்சு அடுத்த சீட்டுக்குக் கைநீட்ட வைக்கிறது.

ஆகவே முதல் முறை ஆடும்போதே, நிறுத்திக்கொள்ளும் புத்தியைத்தான் சூது குறிவைக்கிறது. அளவோடு ஆடலாம் என்பவர், அந்த அளவைக் காக்க வேண்டிய காவலாளியையே பணயம் வைக்கிறார். விலகிக்கொள்ளுங்கள் என்ற கட்டளையின் அருமை இங்கே விளங்கும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980ல் கட்டுக்கடங்காத சூதாட்டத்தை நோய்ப் பட்டியலில் சேர்த்தது. 2013ல் அதை மது, போதைப் பழக்கங்களின் வரிசைக்கே மாற்றியது. திருமறை என்றோ மதுவோடு சேர்த்துச் சொன்னது அன்றோ!

வீட்டுக்குள் வந்துவிட்ட ஆட்டம்

முன்பு சூதாட ஆள் தேடிப் போக வேண்டும். இன்று அது கைபேசியில் இருக்கிறது. 2022ல் முன்னாள் நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பின் தமிழக அரசு இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் கொண்டுவந்தது; 2023ல் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்க 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் சட்டம் இயற்றியது. ஆனால் சட்டத்தின் கண் படாமல் நடப்பவையும் உண்டு. 2019 டிசம்பரில், நமக்கு அண்மையிலுள்ள விழுப்புரத்தில் நகைத் தொழிலாளி ஒருவர் கள்ளத்தனமாக விற்கப்பட்ட மூன்று நம்பர் லாட்டரியில் பணத்தை இழந்து கடனில் மூழ்கினார். அவரும் மனைவியும் மூன்று பெண் குழந்தைகளும் உயிரிழந்தார்கள். லாட்டரி தடை செய்யப்பட்டு 16 ஆண்டுகளுக்குப் பின் நடந்தது இது.

வீட்டார் செய்ய வேண்டியவை

கைபேசியை மறைப்பது, இரவில் தூங்காதிருப்பது, அடிக்கடி கைமாற்று வாங்குவது, காரணமின்றிச் சினப்பது, தொழுகையில் தளர்வது, 'விட்டதைப் பிடித்ததும் நிறுத்திவிடுவேன்' என்பது — இவை அடையாளங்கள். கண்டால், நாலுபேர் முன்னால் இழிவுபடுத்தாதீர்கள். அவமானம் அவரை மேலும் மறைந்தே ஆடச் செய்யும். கடனை அடைக்கிறேன் என்று ரொக்கத்தை அவர் கையில் கொடுக்கவும் வேண்டாம். முழுக் கணக்கையும் எழுதி வாங்கி, கடன்காரருக்கு நேரில் கட்டுங்கள். வரவு செலவைச் சில காலம் மனைவியோ தகப்பனாரோ கவனிக்கட்டும்.

தௌபாவும் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று பகையல்ல. பெங்களூர் நிம்ஹான்ஸில், மருத்துவ மனோதத்துவப் பேராசிரியர் மனோஜ் குமார் சர்மா முன்னின்று நடத்தும் 'ஷட் கிளினிக்' 2014 முதல் கைபேசி, இணையப் பழக்கத்தில் கட்டுண்டவர்களுக்கு உதவி வருகிறது. அரசின் 'டெலி மனஸ்' தொலைபேசி எண் 14416ல் இலவசமாக ஆலோசனை பெறலாம். கடன் கவலையில் ஒருவர் சாவைப் பற்றிப் பேசினால் அதை வெறும் பேச்சென்று விடாதீர்கள். அவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். உயிரைக் காப்பதும் மார்க்கக் கடமையே.

சில சந்தேகங்கள்

ரம்மி திறமை ஆட்டம்தானே என்பார்கள். ஆடுவோர் அனைவரும் பணம் வைத்து, ஒருவர் இழப்பதையே மற்றவர் பெறுவதானால், சீட்டாட்டத்தில் திறமை இருப்பது அதை ஹலாலாக்கிவிடாது. தோற்றவர் டீ வாங்கித் தர வேண்டும் என்று இருதரப்பும் பந்தயம் கட்டுவதும் இவ்வகையே. 'வா, சூதாடுவோம்' என்று தோழரை அழைத்தவர்கூட அதற்காக தர்மம் செய்யட்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதாக புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் வந்துள்ளது. அழைப்புக்கே பரிகாரம் என்றால் ஆட்டத்தின் நிலை என்ன!

வென்ற பணம் கையில் இருந்தால்? உரியவர் தெரிந்தால் அவரிடமே திருப்பித் தர வேண்டும்; தெரியாவிட்டால் நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது உலமாக்கள் தரும் விளக்கம்.

வியர்வை சிந்திக் கிடைக்கும் ஒரு ரூபாயில் அல்லாஹ் வைத்த பரக்கத், குலுக்கலில் விழும் லட்சத்தில் இல்லை. அல்லாஹ் நம்மையும் நம் மக்களையும் சூதின் நிழல் படாமல் காத்து, அதில் சிக்கியவர்களுக்கு மீளும் வழியைக் காட்டி, ஹலாலான ரிஜ்க்கைக் கொண்டு நம் இல்லங்களை நிரப்புவானாக! ஆமீன்.