முத்திரையும் தரமும்: ஜப்பானியக் கிதார் கற்பிக்கும் பாடம்

தம்பானூரில் இரயிலை விட்டு இறங்கிப் பேருந்து நிலையத்தை நோக்கி நடப்பவர்களின் கண்ணில் முதலில் படுவது, லாரி பேக்கர் வடிவமைத்த இந்தியன் காபி ஹவுஸின் சுழல் கட்டடம். சில மாதங்களுக்கு முன் அந்தச் சரிவான நடையில் அமர்ந்து காபி அருந்திக்கொண்டிருந்தபோது, நம் வங்கியின் நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர் தம் மகளுடன் வந்து எதிரில் அமர்ந்தார். நாகர்கோவிலைச் சொந்த ஊராகக் கொண்டவர். இரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.

“அண்ணாச்சி, ஒரு வைப்புத்தொகையை முறிக்கணும். முதிர்வுக்கு இன்னும் பதினான்கு மாதம் இருக்கு. வட்டி எவ்வளவு குறையும்?” என்று கேட்டார்.

காரணத்தை மகள் சொன்னார். பழைய மின்கிதார் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. ஐபனெஸ் என்னும் ஜப்பானியப் பெயர். 1977இல் செய்தது, ‘வழக்குக் காலத்துக் கிதார்’ என்று விற்பவர் உறுதி கூறுகிறார். விலை ஒரு இலட்சத்து இருபதாயிரம் ரூபாய். “ஜப்பானில் செய்தது என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் அல்லவா?” என்று தந்தை வினவினார்.

அவருடைய நம்பிக்கை வியப்புக்குரியதன்று. வளைகுடாவிலிருந்து விடுமுறையில் திரும்பியவர்கள் கொண்டுவந்த ஜப்பானிய ஒலிநாடாக் கருவிகளைப் பார்த்து வளர்ந்த தலைமுறை அவருடையது. ‘ஜப்பான்’ என்ற ஒரு சொல்லே உத்தரவாதமாக இருந்த வீடுகள் இந்நகரில் பல. எனினும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கத்தக்க பொருள் எதுவும் இல்லை என்பதே வங்கியில் பணிபுரியும் நாம் கற்ற முதல் பாடம். ஒரு வாரம் பொறுத்திருக்குமாறு அவரை வேண்டினோம். அந்த ஒரு வாரத்தில் நாம் அறிந்துகொண்டதே இக்கட்டுரை.

ஏளனமாக இருந்த முத்திரை

இன்று மதிப்பின் அடையாளமாக விளங்கும் ‘ஜப்பானில் செய்தது’ என்ற முத்திரை, 1950களிலும் 1960களிலும் அமெரிக்கச் சந்தையில் மலிவுக்கும் மட்டத்துக்கும் அடையாளமாக இருந்தது. பொம்மைகள், எரியூட்டிகள் ஆகியவற்றைப் போலவே கிதார்களும் அவ்வாறுதான் கருதப்பட்டன. டெய்ஸ்கோ, குயாடோன் போன்ற நிறுவனங்களின் மின்கிதார்கள் கப்பல் கப்பலாக ஏற்றுமதியாயின. அமெரிக்க இறக்குமதியாளர்கள் அவற்றின்மீது தமக்கு விருப்பமான பெயர்களைப் பொறித்துப் பேரங்காடிகளிலும் அஞ்சல்வழி விற்பனையிலும் விற்றனர். ஃபெண்டர், கிப்சன் ஆகிய அமெரிக்கக் கிதார்களை வாங்க வசதியில்லாத சிறுவர்களின் முதல் கருவி அதுவாக இருந்தது.

ஏளனம் முற்றிலும் அநீதியானதன்று. அக்கிதார்கள் பலவற்றின் உடல் ஒட்டுப்பலகையால் ஆனது. கழுத்து தடித்திருந்தது. கம்பிகள் விரற்பலகையிலிருந்து உயர்ந்து நின்றமையால் அழுத்தும் விரல் நோகும். கம்பியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் ‘பிக்கப்’ என்னும் காந்தச் சுருள், ஒலியைக் கூட்டினால் கீச்சிட்டது.

ஜப்பானிலேயே இக்கருவிக்கு ஒரு காலம் வந்தது. அமெரிக்காவின் வெஞ்சர்ஸ் குழுவினர் 1965இல் அங்கே இசைப் பயணம் செய்தபின் இளைஞர்களிடையே மின்கிதார் மோகம் பரவியது. தேவை பெருகியதும் பட்டறைகள் பெருகின. பத்தாண்டு முடிவதற்குள் மோகம் தணிந்தது; டெய்ஸ்கோ நிறுவனம் 1967இல் கவாய் நிறுவனத்தின் கைக்கு மாறியது. வேகமாக வளர்ந்த சந்தையில் வேகமாகச் செய்தவர்கள் வீழ்ந்தனர். பொறுமையாகக் கற்றவர்கள் எஞ்சினர்.

பிரதி எடுத்துக் கற்றவர்கள்

எஞ்சியவர்களில் முதன்மையானவை நாகானோ மாநிலத்தின் மட்சுமோட்டோ நகரத்துத் தொழிற்சாலைகள். மலைகள் சூழ்ந்த அவ்வூரில் 1960இல் தொடங்கப்பட்டது ஃபுஜிகென். முதலில் செவ்வியல் கிதார்களையும் பின்னர் மின்கிதார்களையும் செய்தது. அதே ஊரின் மட்சுமோகு நிறுவனமோ தையல் இயந்திரங்களுக்கு மரப்பெட்டி செய்துவந்த தச்சுக்கூடம். பெட்டியின் இணைப்பில் மயிரிழை இடைவெளியும் இருக்கக் கூடாது என்று பழகிய கைகள், கிதாரின் கழுத்தையும் உடலையும் இணைக்கத் தொடங்கின. கிப்சன் நிறுவனத்தின் உரிமையாளர்களே தம் இரண்டாம் பெயரான எபிஃபோனின் உற்பத்தியை 1970இல் இந்நிறுவனத்திடம் ஒப்படைத்தனர்.

1960களின் இறுதியில் ஜப்பானியர்கள் அமெரிக்கக் கிதார்களின் வடிவத்தை அப்படியே பின்பற்றலாயினர். நகோயாவின் ஹொஷினோ நிறுவனம் ஐபனெஸ் என்ற பெயரிலும், காண்டா ஷோகாய் நிறுவனம் கிரெகோ என்ற பெயரிலும் விற்ற கிதார்கள் ஃபுஜிகெனில் உருவாயின. ஹமமட்சு நகரின் டோகாய் நிறுவனமும் சற்றுப் பின்னர் இவ்வழியில் இறங்கியது. தொடக்கத்துப் பிரதிகள் தோற்றத்தில் மட்டுமே ஒத்திருந்தன. கிப்சனின் லெஸ் பால் கிதாரில் கழுத்து உடலோடு பசையால் பிணைக்கப்பட்டிருக்கும். பிரதிகளிலோ திருகாணியால் முடுக்கப்பட்டிருந்தது. ஆண்டுதோறும் அவை திருந்தின. 1970களின் நடுப்பகுதியில் உள்ளமைப்பிலும் மூலத்தை நெருங்கின.

அதே வேளையில் மூலத்தைச் செய்தவர்கள் சறுக்கினர். ஃபெண்டர் நிறுவனத்தை 1965இல் சி.பி.எஸ். ஒலிபரப்பு நிறுவனம் வாங்கியது. கிப்சனின் தாய் நிறுவனம் 1969இல் கைமாறி, பின்னர் நார்லின் என்ற பெயர் பெற்றது. இவ்விரு மாற்றங்களுக்குப் பிந்தைய கிதார்கள் எடை கூடியும் பொருத்தம் தளர்ந்தும் இருந்தன என்பது இசைக்கலைஞர்களிடையே பரவலாக நிலவிய குறை.

இங்கு இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். 1950இல் அமெரிக்கப் புள்ளியியலாளர் டெமிங் ஜப்பானியப் பொறியாளர்களுக்குத் தரக் கட்டுப்பாடு பற்றி உரைகள் ஆற்றினார். அவர் பெயரால் 1951 முதல் அந்நாட்டில் பரிசு வழங்கப்படுகிறது. பிழையைக் கடைசியில் தேடி அகற்றுவதைவிடச் செய்முறையிலேயே தோன்றாமல் தடுப்பதே அவர் வலியுறுத்திய நெறி. அப்பரிசை 1998இல் சென்னையின் சுந்தரம் கிளேட்டன் நிறுவனம் பெற்றது என்பதை நம் வாசகர்கள் நினைவுகூரலாம். தரம் எந்த நாட்டின் பிறவிக் குணமும் அன்று, கற்றுக்கொள்ளத்தக்க பழக்கம்.

வழக்கும் கட்டுக்கதையும்

இனி, அந்தப் பெண் சொன்ன ‘வழக்குக் காலம்’. 1977 ஜூன் மாதத்தில் நார்லின் நிறுவனம், ஐபனெஸின் அமெரிக்க விநியோகப் பிரிவான எல்கர் நிறுவனத்தின்மீது ஃபிலடெல்ஃபியா கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. முறையீடு கிதாரின் தலைப்பகுதியைப் பற்றியது. கிப்சனின் தலைப்பகுதி விரித்து வைத்த புத்தகத்தின் மேல்விளிம்பை ஒத்தது; அவ்வடிவத்தைப் பின்பற்றியதே குற்றச்சாட்டு. வழக்கு 1978இன் தொடக்கத்தில் சமரசமாக முடிந்தது. தீர்ப்பு எதுவும் வழங்கப்படவில்லை. வழக்கு வருமுன்பே ஐபனெஸ் தன் தலைப்பகுதியின் வடிவத்தை மாற்றத் தொடங்கியிருந்தது.

நடந்தது இவ்வளவே. ஆனால் பழைய கிதார் விற்பனையில் இச்செய்தி கதையாக வளர்ந்தது. ‘மூலத்தையே மிஞ்சியதால் அமெரிக்கர்கள் அஞ்சி வழக்குத் தொடுத்தனர்’ என்பது அக்கதை. வழக்கில் பெயரே இடம்பெறாத நிறுவனங்களின் கிதார்களும், 1970களில் செய்த எந்த ஜப்பானியக் கிதாரும், இன்று ‘வழக்குக் காலத்தது’ என்று விலை கூட்டி விற்கப்படுகின்றன. வழக்கு வடிவத்தைப் பற்றியது. தரத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

உண்மையான சான்று வேறிடத்தில் இருக்கிறது. 1982இல் ஃபெண்டர் நிறுவனம் தன்னைப் பிரதி எடுத்தவர்களோடு போரிடுவதை விட்டு, காண்டா ஷோகாய், யாமனோ காக்கி ஆகிய இரு ஜப்பானிய நிறுவனங்களுடன் கூட்டுச் சேர்ந்து ‘ஃபெண்டர் ஜப்பான்’ நிறுவனத்தை உருவாக்கியது. கிதார்களைச் செய்யும் பொறுப்பு ஃபுஜிகெனுக்கு வழங்கப்பட்டது. 1985இல் ஃபெண்டரின் நிர்வாகிகளே அதனை சி.பி.எஸ்.ஸிடமிருந்து வாங்கியபோது பழைய தொழிற்சாலை அந்த விற்பனையில் சேரவில்லை. கலிஃபோர்னியாவில் புதிய கூடம் முழு வேகம் பெறும் வரை ஜப்பானியக் கிதார்களே அந்நிறுவனத்தைத் தாங்கின. பிரதி எடுத்த கையே மூலத்தைக் காத்த கையாயிற்று.

மறுபுறம், பிரதியை விட்டுச் சொந்த வடிவங்களும் பிறந்தன. யமஹாவின் எஸ்.ஜி. 2000 கிதார் 1976இல் வெளிவந்தது. கார்லோஸ் சான்டானா அதனை மேடையில் வாசித்தார். 1987இல் ஸ்டீவ் வாய்க்காக ஐபனெஸ் வடித்த ஜெம் கிதாரும் புகழ் பெற்றது.

நாணய மதிப்பு செய்த வேலை

இவ்வளவு தரம் இருந்தும், 1980களின் பிற்பகுதியில் ஜப்பானிய உற்பத்தி சுருங்கியதேன்? வங்கி வாடிக்கையாளர்களுக்கு இதுவே சுவையான பகுதி. 1985 செப்டம்பரில் நியூயார்க்கின் பிளாசா விடுதியில் ஐந்து நாடுகள் டாலரின் மதிப்பைக் குறைக்க உடன்பட்டன. அப்போது ஒரு டாலருக்கு ஏறத்தாழ 240 யென். 1987 முடிவில் ஏறத்தாழ 120 யென். தொழிற்சாலையில் 48,000 யென் விலையுள்ள ஒரு கிதாரை எண்ணிப் பாருங்கள். முன்பு அது 200 டாலர். பின்பு 400 டாலர். மரமும் உழைப்பும் மாறவில்லை. மாற்று விகிதம் மட்டுமே மாறியது. மட்சுமோகு 1987இல் மூடப்பட்டது. குறைந்த விலைக் கிதார்களின் உற்பத்தி கொரியாவுக்கும், பின்னர் இந்தோனேசியாவுக்கும் சீனத்துக்கும் சென்றது. ஜப்பானில் எஞ்சியது விலையுயர்ந்த நுண்பணி. எனவே முத்திரையின் மதிப்பு மேலும் உயர்ந்தது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. நற்பெயர் எப்போதும் தரத்துக்குப் பின்னால் நடந்து வருகிறது. தரம் உயர்ந்த பின்னும் சில ஆண்டுகள் ஏளனம் நீடிக்கும். தரம் தாழ்ந்த பின்னும் சில ஆண்டுகள் புகழ் நீடிக்கும். இவ்விடைவெளியில்தான் அறிந்தவர் ஆதாயம் பெறுகிறார், அறியாதவர் இழக்கிறார். 1975இல் ஜப்பானியக் கிதாரை ஏளனம் செய்தவர் ஒரு நல்ல வாய்ப்பை விட்டார். இன்று அதே பெயருக்காகக் கேட்ட விலையைக் கொடுப்பவர் கதைக்கு விலை கொடுக்கிறார்.

அன்று ஜப்பான் கேட்ட ஏளனத்தைப் பின்னர் கொரியாவும் இந்தோனேசியாவும் சீனமும் கேட்டன. யமஹா நிறுவனம் சென்னைக்கு அருகே 2019இல் தொடங்கிய தொழிற்சாலையில் கிதார்களும் செய்யப்படுகின்றன. ‘இந்தியாவில் செய்தது’ என்ற முத்திரையைப் பார்த்து முகம் சுளிக்குமுன், மட்சுமோட்டோவின் தச்சர்களை நினைத்துக்கொள்வது நல்லது. உலகெங்கும் கிதார்களின் விரற்பலகைக்குப் பயன்படும் இந்திய ஈட்டிமரம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்வது என்பதும் பலர் அறியாதது.

முத்திரைக்கு அப்பால் பார்ப்பது

பழைய கிதார் வாங்க எண்ணும் வாசகர்கள் பின்வருவனவற்றைத் தாமே சோதிக்கலாம்.

முதலாவது, கழுத்து. கிதாரைக் கண்மட்டத்தில் பிடித்து, உடற்புறத்திலிருந்து தலைப்புறம் நோக்கிப் பார்த்தால் முறுக்கல் தெரியும். கழுத்தினுள் செல்லும் எஃகுத் தண்டைத் திருகி, சிறிய வளைவைச் சரிசெய்யலாம். முறுக்கிய மரத்தைத் திருத்துவது கடினம்.

இரண்டாவது, மெட்டுகள். வீணையில் மெட்டுகள் மெழுகில் பதிந்திருப்பதால் மீண்டும் அமைக்க இயலும். கிதாரிலோ அவை மரத்தின் பிளவில் அறையப்பட்டவை. தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தால் மாற்றும் செலவை விலையில் கழிக்க வேண்டும்.

மூன்றாவது, மின்பகுதி. ஒவ்வொரு குமிழையும் திருகி, கரகரப்பு எழுகிறதா என்று கேட்க வேண்டும். பிக்கப்புகள் பழையனவா, மாற்றப்பட்டனவா என்பதையும் வினவ வேண்டும்.

நான்காவது, வரிசை எண். 1970களின் நடுப்பகுதி முதல் பத்தாண்டுக்கு மேல் ஐபனெஸ் பின்பற்றிய முறை எளியது. முதல் ஆங்கில எழுத்து மாதத்தைக் குறிக்கும். அடுத்த இரு எண்கள் ஆண்டைக் குறிக்கும். ஏ என்றால் ஜனவரி. எல் என்றால் டிசம்பர்.

ஒரு வாரம் கழிந்தபின்

இவற்றைக் குறித்துக்கொண்டு தந்தையும் மகளும் அக்கிதாரைப் பார்க்கச் சென்றனர். தலைப்பகுதியின் பின்புறத்தில் எண் ‘எச்’ என்ற எழுத்தில் தொடங்கி 81 என்று தொடர்ந்தது. அதாவது 1981 ஆகஸ்டு. வழக்கு முடிந்து மூன்றாண்டு கழித்துச் செய்தது. தலைப்பகுதியும் கிப்சனை ஒத்ததாக இல்லை. விற்பவர் ஏமாற்றினார் என்று கூற மாட்டோம். அவரும் யாரிடமோ கேட்ட கதையைத்தான் சொல்லியிருக்கிறார்.

ஆனால் கழுத்து நேராக இருந்தது. மெட்டுகள் சற்றே தேய்ந்திருந்தன. மகள் அரை மணி நேரம் வாசித்துவிட்டு, “அப்பா, கதை பொய். கிதார் பொய்யில்லை” என்றாராம். அவர்கள் கதைக்குரிய விலையைக் கழித்து, கருவிக்குரிய விலையைக் கூறினர். இரண்டு நாள் யோசித்து, எழுபதாயிரம் ரூபாய்க்கு விற்பவர் இசைந்தார். அத்தொகை சேமிப்புக் கணக்கில் இருந்தது. வைப்புத்தொகை முறிபடவில்லை.

கணக்கைவிட நமக்கு மகிழ்ச்சி தந்தது வேறொன்று. மட்சுமோட்டோவில் பெயர் தெரியாத ஒருவர் நாற்பதாண்டுகளுக்கு முன் பிசகின்றி இணைத்த மரம், இன்று தம்பானூருக்கு அருகே ஒரு மாடி வீட்டில் மாலைதோறும் ஒலிக்கிறது. அவருக்கு அன்று ‘ஜப்பானில் செய்தது’ என்ற முத்திரை பெருமை தந்ததா, சிறுமை தந்ததா என்பதை நாம் அறியோம். அவர் தம் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார். அதனைக் கண்டறிய, வாங்குபவர் கண்ணைத் திறந்து பார்த்தால் போதும்.