பாலர்களின் கைவேலையும் பஞ்சாயத்தின் கடமையும்

நாற்றங்காலைக் கவனியாத விவசாயி நடவு வயலில் நல்ல விளைவை எதிர்பார்ப்பதில்லை. இவ்வுண்மையை நன்கறிந்த நம் கிராமப் பெருமக்கள், குழந்தைகள் விஷயத்தில் மட்டும் பள்ளியில் சேர்க்கும் நாள் வரை காத்திருக்கின்றனர். எழுதுகோலைப் பிடிக்க வேண்டிய விரல்கள் அதற்கு முன்பே பிசையவும், உருட்டவும், மடிக்கவும் பழகியிருத்தல் அவசியம்.

சென்ற ஆண்டு நம் வட்டாரத்தில் ஓர் அங்கன்வாடியைப் பார்வையிடச் சென்றிருந்தோம். குழந்தைகள் கைகட்டிச் சுவரோரம் அமர்ந்திருந்தனர். விளையாட்டுப் பொருள்களோ அலமாரியில் பூட்டப்பட்டிருந்தன. உடைந்தால் கணக்கிற்கு யார் ஈடு செய்வது என்று பணியாளர் அஞ்சினார். வருகைதோறும் இருப்புப் பதிவேட்டை மட்டுமே சரிபார்த்து வந்த நமக்கும் அத்தவற்றில் பங்குண்டு. அச்சமயம் பேரனை அழைத்துச் செல்ல வந்த முதியவர் ஒருவர், வாயிலிலிருந்த பூவரசிலையைச் சுருட்டிப் பீப்பி செய்து ஊதினார். மறுகணமே குழந்தைகள் அனைவரும் அவரைச் சூழ்ந்துகொண்டனர். அலமாரிச் சாவி செய்யாததை ஓர் இலை செய்தது.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் நாட்டில் தொடங்கப்பெற்றது. 3 முதல் 6 வயது வரையிலான குழந்தைகளுக்கு முன்பருவக் கல்வி அளிப்பதும் அதன் பணிகளுள் ஒன்றாகும். சத்துணவில் நாம் காட்டும் அக்கறையை இதிலும் காட்டுதல் வேண்டும். செலவின்றிச் செய்யத்தக்க சில பயிற்சிகளைக் கீழே தருகிறோம்.

மண் வேலை

கல்லும் முள்ளும் நீக்கிய களிமண்ணைச் சப்பாத்தி மாவின் பதத்திற்குப் பிசைந்து, குழந்தைக்கு ஓர் எலுமிச்சம்பழ அளவு கொடுக்கலாம். முதலில் உருண்டை, அடுத்துப் பாம்பு, பின்னர்ச் சட்டி, பானை, அடுப்பு என்று வரிசையாகச் செய்யட்டும். செய்தவற்றை நிழலில் உலர்த்துக. வெயிலில் வைத்தால் மேற்புறம் முந்திக் காய்ந்து சுருங்கி வெடித்துவிடும். எதையும் வாயிலிடும் சிறு பருவத்தினருக்குக் களிமண்ணுக்குப் பதிலாக மஞ்சள் கலந்த கோதுமை மாவே ஏற்றது.

ஓலையும் நுங்கும்

சித்திரை, வைகாசி மாதங்களில் நுங்கு தின்றபின் எறியும் கூந்தல் இரண்டினை ஒரு குச்சியால் இணைத்து, கவைக்குச்சி ஒன்றினால் தள்ளினால் வண்டி ஓடும். பனையோலைத் துண்டு இரண்டினைக் குறுக்காக வைத்து, நடுவே முள் செருகிக் குச்சியில் பொருத்தினால் காற்றாடி. அரிவாளும் முள்ளும் பெரியவர் கையிலேயே இருத்தல் வேண்டும். ஓலையை மடிப்பதும் வண்டியை ஓட்டுவதும் குழந்தையின் பங்கு.

காய் அச்சு

முற்றிய வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி, மஞ்சள் நீரிலோ பீட்ரூட் சாற்றிலோ தோய்த்துப் பழைய தாளில் அழுத்தினால் பூப்போன்ற அச்சு விழும். இதழ்களை எண்ணச் சொன்னால் பெரும்பாலும் ஐந்து வரும். அங்கே கணக்குப் பாடம் தானாகவே தொடங்கிவிடுகிறது.

குழந்தை செய்த யானைக்குத் தும்பிக்கை இல்லையென்று நாம் திருத்தலாகாது. "இது என்ன?" என்று கேட்டு, அது கூறும் கதையைப் பொறுமையுடன் கேட்பதே போதுமானது. சொல்வளம் அவ்வாறே பெருகும்.

எச்சரிக்கை

பிள்ளையாருக்குக் கண்ணாகப் பதிக்கும் குன்றிமணி அழகியது. ஆனால் மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்தான நஞ்சு. ஆமணக்கு விதையும் அரளியும் அத்தகையவையே. எருக்கம்பால் கண்ணைக் கெடுக்கும். இவற்றுள் எதனையும் பயன்படுத்தலாகாது. புளியங்கொட்டை, பாசிமணி முதலிய சிறு பொருள்கள் மூச்சுக்குழலை அடைத்துவிடக் கூடுமாதலால், மூன்று வயது நிரம்பாதோர் கையில் அவற்றைத் தருதல் கூடாது. பூச்சிமருந்து இருந்த டப்பாவை எத்தனை முறை கழுவினாலும் அது விளையாட்டுப் பொருளாகாது.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

மண்பாண்டத் தொழிலாளரும் ஓலை முடைவோரும் இன்றும் பல ஊர்களில் இருக்கின்றனர். மாதம் ஒருநாள் அவர்களை அங்கன்வாடிக்கு அழைத்துத் தக்க மரியாதையும் கூலியும் அளிக்கலாம். மைய வளாகத்தில் நிழலும், கைகழுவத் தண்ணீரும், களிமண் வைக்க ஒரு தொட்டியும் அமைத்துத் தரலாம். விளையாட்டில் பொருள் உடைவது இயல்பு என்பதை அங்கத்தினர்கள் பணியாளரிடம் நேரில் கூறி, அவரது அச்சத்தைப் போக்குதல் வேண்டும்.

அங்கன்வாடித் திட்டம் பிறந்த அதே அக்டோபர் 2-ஆம் நாளில்தான் நம் ஊர்களில் கிராம சபையும் கூடுகிறது. அன்று சாலை, குடிநீர், விளக்கு ஆகியவற்றுடன், "நம் ஊர் அலமாரி திறந்திருக்கிறதா?" என்னும் வினாவையும் எழுப்புவோமாக. இனிப் பார்வையிடச் செல்லும்போது பதிவேட்டிற்கு முன் குழந்தைகளின் கைகளைப் பார்ப்பதென நாமும் உறுதி பூண்டுள்ளோம். அவற்றில் மண் ஒட்டியிருந்தால், பாடம் நடந்திருக்கிறது என்று பொருள்.