பழைய கேமராவோடு மலைக்குப் போகுமுன்

மாதேஸ்வரன் மலைக்குக் கிளம்புகிறீர்களா? செகண்ட் ஹேண்டில் வாங்கிய டிஜிட்டல் கேமராவை அதற்கு முன் ஒருமுறை கவனித்துவிடுங்கள்.

முதலில் பேட்டரி அறை. பென்சில் பேட்டரி போடும் கேமராவில், ஸ்பிரிங்கில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது அல்கலைன் பேட்டரி கசிந்த காரம். வெறும் கையால் தொடாதீர்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் தேய்த்தால், லேசாக நுரைத்துக் கரையும். பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் புது பேட்டரி போடுங்கள். ‘செத்துப்போச்சு’ என்று ஒதுக்கிய பல கேமராக்கள் இதிலேயே பிழைத்துவிடும்.

லென்ஸை வாயால் ஊதக் கூடாது, எச்சில் தெறிக்கும். ரப்பர் ப்ளோயரால் தூசியை ஊதித் தள்ளியபின், மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். வேட்டி முனை, புடவைத் தலைப்பு வேண்டவே வேண்டாம்.

கார்டு எரர் காட்டுகிறதா? மிகப் பழைய மாடல்கள் 2 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டி கார்டை ஏற்காது.

இவ்வளவுதான் வீட்டு வேலை. கேமராவின் உடலைக் கழற்றாதீர்கள்: ஃப்ளாஷ் கெப்பாசிட்டரில் 300 வோல்ட் வரை மின்சாரம் தேங்கியிருக்கும், பேட்டரியை எடுத்த பிறகும்.

மலையில் திருநீறும் கற்பூரப் புகையும் லென்ஸின் எதிரிகள். படம் எடுத்ததும் மூடிவிடுங்கள். ஊர் திரும்பியதும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். லென்ஸில் பூஞ்சை பிடிக்காது.